குறிப்பும் துணிபும்: ஆணின் தவறான வாசிப்பு எங்கே தொடங்குகிறது?

அன்டோனியா ஆபி என்னும் அமெரிக்க உளவியலாளர் 1982-இல் வெளியிட்ட ஆய்வுக்கு அவருக்கே நேர்ந்த ஓர் அனுபவம் தூண்டுதலாக இருந்தது. நெரிசலான மதுக்கூடம் ஒன்றில் அவரும் தோழியரும் அறிமுகமில்லாத இரு ஆண்களோடு ஒரே மேசையில் அமர நேர்ந்தது. மரியாதைக்காகப் பேசிய பேச்சை அவ்விருவரும் அழைப்பாக எடுத்துக்கொண்டதால், பெண்கள் சாக்குச் சொல்லி விலக வேண்டியதாயிற்று. இதையே அவர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சோதனையாக வடிவமைத்தார். ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் உரையாட, வேறோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து கவனித்தனர். பேசிய பெண்ணிடம் பெண்கள் கண்டதைவிடக் கூடுதலான பாலியல் நாட்டத்தை, பேசிய ஆணும் கவனித்த ஆணும் கண்டனர்.

பெண்ணின் நட்பை ஆண் காதலாகப் படிக்கிறான் என்ற ஒற்றை வாக்கியமாக இந்த முடிவு பொதுப்பேச்சில் சுருங்கிவிட்டது. அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் பிழை எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதை அது சொல்வதில்லை. இக்கட்டுரையின் வாதம் இது: இத்தகைய குறிப்புகள் ஆண், பெண் யாராலும் நம்பகமாகப் படிக்க இயலாதவை. அந்த இடைவெளியை ஆண் தன் விருப்பத்தால் நிரப்பிக்கொள்கிறான். நிரப்பியதையே கண்டதாக நம்புகிறான்.

கோரீன் ஃபாரிஸும் உடனாய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. ஆண் மீறிப் படிப்பதற்கு இரு விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, அவன் நட்பு, நாட்டம் ஆகிய இரண்டு முகபாவங்களையும் சரியாகவே வேறுபடுத்துகிறான், ஆனால் 'நாட்டம்' என்று தீர்ப்பளிக்க அவனுக்குச் சிறிய சான்றே போதும். மற்றொன்று, அவனுக்கு வேறுபாடே மங்கலாகத் தெரிகிறது. முதல் விளக்கம் சரியென்றால் பிழை ஒரு திசையில் மட்டும் சாய வேண்டும். 280 கல்லூரி மாணவ மாணவியரிடம் பெண்களின் படங்களைக் காட்டி, நட்பு, நாட்டம், சோகம், மறுப்பு என்று வகைப்படுத்தச் சொன்னார்கள். நட்பான முகங்களில் 12 சதவீதத்தை ஆண்களும், 8.7 சதவீதத்தைப் பெண்களும் நாட்டம் என்று கொண்டனர். இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் நாட்டம் காட்டிய முகங்களில் 37.8 சதவீதத்தை ஆண்களும், 31.9 சதவீதத்தைப் பெண்களும் வெறும் நட்பு என்று கொண்டனர். பிழை இரு திசையிலும் இருக்கிறது. இரண்டாம் திசையில்தான் பெரிதாகவும் இருக்கிறது. ஆண்-பெண் வேறுபாடோ சில புள்ளிகளே. பெண்ணின் குறிப்பைப் பெண்ணே மூன்றில் ஒரு பங்கு தவறவிடுகிறாள் என்றால், அந்தக் குறிப்பு எவ்வளவு நலிவானது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஜெஃப்ரி ஹால் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய ஆய்வு இதை நேரடி உரையாடலில் உறுதிப்படுத்துகிறது. 52 இணையர் சில நிமிடங்கள் தனியே பேசினார்கள். எதிரில் இருப்பவர் காதல் நோக்கோடு பேசாதபோது, அதை 80 சதவீதத்துக்கும் மேலானோர் சரியாகக் கணித்தார்கள். காதல் நோக்கோடு பேசியதைக் கண்டுகொண்டது ஆண்களில் 36 சதவீதம், பெண்களில் 18 சதவீதம் மட்டுமே. பெரும்பாலான உரையாடல்களில் காதல் நோக்கம் இருப்பதில்லை. 'இல்லை' என்று ஊகிப்பவர் பெரும்பாலும் சரியாகவே இருப்பார். 'இருக்கிறது' என்ற துணிபுக்குத்தான் குறிப்பு துணைநிற்பதில்லை.

அந்தத் துணிபு எங்கிருந்து வருகிறது? ஆன்டனி லீயும் உடனாய்வாளர்களும் 2020-இல் 1,226 பேரின் மூன்று நிமிட முதல் சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். ஆண்-பெண் வேறுபாட்டைப் பெருமளவு விளக்கியவை இரண்டு: குறுகியகால உறவுகள் மீது மதிப்பிடுபவருக்குள்ள மனப்பாங்கு, எதிரில் இருப்பவர் மீது அவருக்கே உள்ள ஈர்ப்பு. தன் நெஞ்சில் எழுந்ததை அவள் முகத்தில் ஏற்றிப் பார்ப்பதே பெரும்பகுதி வாசிப்பு.

பரிணாம உளவியல் இதற்குச் சொல்லும் காரணம் வேறு. மார்ட்டி ஹேசல்டனும் டேவிட் பஸ்ஸும் 2000-இல் முன்வைத்த பிழை மேலாண்மைக் கோட்பாட்டின்படி, வாய்ப்பைத் தவறவிடுவது மூதாதை ஆணுக்கு வீண் முயற்சியைவிட அதிக இழப்பைத் தந்தது. ஆகவே மீறிப் படிக்கும் மனம் நிலைத்தது. புகை உணர்கருவி வீணாக ஒலிப்பதைப் பொறுத்துக்கொள்வது போன்றது இது. கோட்பாடு கூர்மையானது. ஆனால் அதன் கணக்கில் வருவது படிப்பவனின் இழப்பு மட்டுமே. வீண் ஒலியின் விலையைக் கொடுப்பவள் மேசையிலிருந்து எழுந்து போகிறவள்; அவள் இழப்பு அவனது தவறைத் திருத்துவதில்லை. இது பழங்காலத்து மூளையைப் பற்றிய செய்தி மட்டுமன்று, இன்றைய ஏற்பாட்டைப் பற்றியதும் ஆகும் என்பதே என் கருத்து.

பணியிடத்தில் அந்த ஏற்பாடு வெளிப்படையாகத் தெரிகிறது. அமெரிக்காவின் சேஃப்வே பல்பொருள் அங்காடிகளில் ஊழியர்கள் வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதை ஆண் வாடிக்கையாளர்கள் அழைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 1998-இல் பெண் ஊழியர்கள் முறையிட்டார்கள். ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-இலேயே விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உணர்வைக் காட்டுவதே கூலிவேலையாகிவிட்டதை நிறுவியிருந்தார். சம்பளத்துக்காகக் கட்டாயமாக்கப்பட்ட புன்னகை அவள் மனத்தைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. மோனிகா மூர் 1985-இல் பெண்களின் 52 உடல்மொழிச் சைகைகளைப் பட்டியலிட்டபோது, அவற்றை மதுக்கூடம், சிற்றுண்டிச்சாலை, நூலகம், பெண்கள் மையக் கூட்டம் என இடம்வாரியாக ஒப்பிட்டதும் இதனால்தான். இடத்தை விட்டுவிட்டுச் சைகையை மட்டும் படிப்பது வாசிப்பாகாது.

தமிழ் இலக்கிய மரபும் இந்தச் சிக்கலை நெடுங்காலமாக எண்ணியிருக்கிறது. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71-ஆம் அதிகாரம், பொருட்பாலில், பிறர் மனத்தை ஐயமின்றி அறிபவனைத் தெய்வத்துக்கு நிகராக வைக்கிறது; அந்த ஆற்றல் அவ்வளவு அரியது. 110-ஆம் அதிகாரத்தில் காதலன் அவளது கள்ளப் பார்வையை, நிலம் நோக்குவதை, அயலார்போலப் பேசும் கடுஞ்சொல்லையும்கூட அன்பென்று படிக்கிறான். ஒரு முறையும் தவறுவதில்லை. தவறாததற்குக் காரணம் அவன் திறனன்று. களவியல் இருவர் நெஞ்சும் ஒத்த காதலை முன்கொண்டு பாடுவது. விடை தெரிந்தபின் எழுதப்பட்ட வாசிப்பு அது. அதை அறிமுகமில்லாத பெண்ணிடம் பயன்படுத்தும் கையேடாகக் கொள்வது இலக்கணத்தையே மறுப்பதாகும். தொல்காப்பியர் விடை இல்லாத நிலையைத் தனியே பிரித்துக் கைக்கிளை என்றார்: காமம் அறியாத இளையவளிடம் மறுமொழி பெறாமலேயே பேசி ஒருவன் இன்புறுவது. அதை அவர் அன்பின் ஐந்திணையில் சேர்க்கவில்லை. நம் திரைப்படங்களோ இந்த எல்லையை அழித்தே வந்திருக்கின்றன. நாயகியின் சினம் சம்மதத்தின் முதற்படியாகிறது. கதை நாயகன் பக்கம் நின்று அவன் ஊகத்தை மெய்யாக்கித் தருகிறது. இதன் தீங்கைப் பேருந்து நிறுத்தங்களில் நிற்கும் பெண்கள் அறிவார்கள்.

வலுவான மறுப்பு ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும். காரின் பெரில்லூவும் ராபர்ட் குர்ஸ்பானும் 2015-இல், பெண்கள் தம் நாட்டத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்றும், ஆண்களின் மதிப்பீடு உண்மைக்கு நெருக்கமாக இருக்கக்கூடும் என்றும் வாதிட்டார்கள். மற்ற பெண்கள் சொல்வதைவிட அதிகமாகவே நாட்டம் கொண்டிருப்பார்கள் என்று பெண்களே கருதியது அவர்களது சான்று. இதை முழுதாக ஏற்றாலும் என் வாதம் குலையாது. அது பெண்களின் சராசரியைப் பற்றியது. எதிரில் நிற்கும் ஒருத்தி குறைத்துச் சொல்கிறாளா, உள்ளதைச் சொல்கிறாளா என்பதைச் சராசரி அவனுக்குச் சொல்லித்தராது. குறைத்துச் சொல்ல அவளுக்குக் காரணம் உண்டென்றால், அந்தக் காரணத்தை மதிப்பதும் அவன் கடமையாகிறது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களின் முதல் சில நிமிடங்களையோ, ஒரு நிழற்படத்தையோ அளந்து, மதிப்பெண் தாளோடு நின்றுவிடுகின்றன. தீங்கு தொடங்குவது அதற்குப் பிறகு. முதல் ஊகம் பிழையாவது எவருக்கும் நேரும். அவள் முகம் திருப்பியபின், பேச்சைச் சுருக்கியபின், வெளிப்படையாக மறுத்தபின் அந்த ஊகம் எவ்வளவு தளர்கிறது என்பதே அளக்கப்பட வேண்டியது. ஃபாரிஸின் ஆய்வில் ஆண்கள் மறுப்பைச் சோகத்தோடும் பெண்களைவிட அதிகமாகக் குழப்பிக்கொண்டார்கள். அந்தக் கண்டறிதலை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அடுத்த சோதனைகள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.