வண்டி மசகு முதல் ஹைப்ரிட் மகிழுந்து வரை: ஒரு கியர் எண்ணெயின் வரலாறு



தமிழாசிரியைக்கும் கியர் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். சென்ற பள்ளி விடுமுறையில், சபாக்கில் உள்ள என் வீட்டுக் கொட்டகையில், என் தந்தையாரின் மேற்பார்வையில் எங்கள் மகிழுந்தின் கியர் எண்ணெயை நானே மாற்றினேன். அதற்காகப் படிக்கத் தொடங்கியவை என்னை மாட்டுவண்டிக் காலம் வரை அழைத்துச் சென்றன. அவ்வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய பிரியஸ் சி வகை மகிழுந்து ஒன்றை வாங்கினேன். 2011 முதல் 2013 முடிய நம் அரசாங்கம் ஹைப்ரிட் மகிழுந்துகளுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் விலக்கியிருந்தது. அக்காலத்தில் நாட்டுக்குள் வந்தவற்றுள் இதுவும் ஒன்று. ஓட்டம் ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்தபோது ஒரு பட்டறையில் கியர் எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். "டீச்சர், அது ஆயுசுக்கும் ஊத்துன எண்ணெய். மாத்தத் தேவையில்ல" என்றார் அங்கிருந்தவர். மற்றொரு பட்டறையில், "சிவப்பா இருந்தா எல்லாம் ஒன்னுதான்" என்று ஒரு பெரிய பீப்பாயைத் திறக்கப் போனார்கள். நான் தடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கியர் பெட்டி பழுதானால் புதிது மாற்றும் செலவு ஓர் ஆசிரியையின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஒருவர் தேவையே இல்லை என்கிறார். மற்றொருவர் எதுவானாலும் சரி என்கிறார். உண்மை எது?

மசகு என்னும் சொல்

'மசகு' என்பது நம் முன்னோர் மாட்டுவண்டி அச்சுக்குப் பூசிய மையின் பெயர். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயிலோ கொட்டாங்கச்சியிலோ எடுத்துச் செல்வார்கள். தேய்மானத்தைத் தடுக்கும் எண்ணெயை இன்றும் மசகெண்ணெய் என்றே அழைக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திற்குச் செம்பனை எண்ணெய் மிகுதியாகச் சென்றது. சவர்க்காரத்திற்கும் மெழுகுவத்திக்கும் போக, அதன் ஒரு பகுதி விலங்குக் கொழுப்போடும் சோடாவோடும் கலக்கப்பட்டு இரயில் வண்டி அச்சுகளுக்கு மசகாயிற்று.

1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியதைத் தொடர்ந்து நிலத்தடி எண்ணெய் மலிவாகக் கிடைக்கலாயிற்று. இயந்திரங்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறின. 1917ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோகோனியே நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனையின் மலேசிய வரலாறு ஒரு தமிழ் மரப்பெயரைத் தாங்கிய தோட்டத்தில் தொடங்கியது என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்? ஆனால் அப்போதே உலகத்துச் சக்கரங்கள் வேறு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தன.

மகிழுந்துக்குள் ஒரு சூரியக் குடும்பம்

1908இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' மகிழுந்தில் கோள் பற்சக்கரங்கள் இருந்தன. நடுவில் சூரியச் சக்கரம். அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள். பாதத்தால் மிதியை அழுத்தினால் ஒரு பட்டை இறுகி வேகம் மாறும். இயந்திரத்திற்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான். அந்த நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையை நிறுவியது. பின்னர் புக்கிட் தீமாவில் அது கட்டிய தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். வரலாற்றுப் பாடத்தில் நாம் கற்பிக்கும் அந்நாள் ஒரு மகிழுந்துத் தொழிற்சாலையில் நிகழ்ந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் மகிழுந்துக்கென 'ஹைட்ராமேட்டிக்' என்னும் தானியங்கிக் கியரை அறிமுகப்படுத்தியது. இதில் எண்ணெய் மசகாக மட்டும் இருக்கவில்லை. விசையைக் கடத்துவது, தகடுகளை அழுத்திப் பிடிப்பது, சூட்டைத் தணிப்பது ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பாயின. எனவே 1949இல் 'டைப் ஏ' என்னும் தனித் தர எண்ணெய் வரையறுக்கப்பட்டது. ஒழுகினால் இயந்திர எண்ணெயிலிருந்து வேறுபடுத்திக் காண்பதற்காகவே இவ்வகை எண்ணெய்களுக்குச் சிவப்புச் சாயம் கலந்தார்கள். ஆகவே, சிவப்பு ஓர் அடையாளமேயன்றித் தரம் அன்று.

திமிங்கிலம் தந்த பாடம்

இனி வருவது என் மனத்தைத் தைத்த பகுதி. கியர்த் தகடுகள் அதிராமல் மெதுவாகக் கவ்வுவதற்காக அக்கால எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். சூட்டில் எளிதில் கெடாத அது உண்மையில் ஒருவகைத் திரவ மெழுகு. கடலின் பெருவிலங்கைக் கொன்று சாலையில் சொகுசாகச் சென்றோம் என்றால் மிகையாகாது. அத்திமிங்கிலம் அருகிவரும் உயிரினமென 1970இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. அதன் எண்ணெய்க்கும் தடை வந்தது. மாற்றுப் பொருள் தேடி வேதியியலாளர்கள் அலைந்தனர். அதே மெழுகுத் தன்மை கொண்ட ஹொஹோபா என்னும் பாலைவனச் செடியின் விதை எண்ணெய்கூட ஆராயப்பட்டது. 1970களில் வந்த புதிய கலவைகள் சில, எண்ணெயைக் குளிரூட்டும் பகுதியின் பற்றவைப்பை அரித்ததால் மீண்டும் திருத்தப்பட்டன.

அக்காலத்திலேயே ஃபோர்டின் 'டைப் எஃப்' எண்ணெயும் ஜெனரல் மோட்டார்ஸின் 'டெக்ஸ்ரான்' எண்ணெயும் ஒரே சிவப்பு நிறத்தில் இருந்தன. ஆனால் ஒன்று தகடுகளை வன்மையாகக் கவ்வச் செய்வது. மற்றொன்று மென்மையாகக் கவ்வச் செய்வது. மாற்றி ஊற்றினால் கியருக்குக் கேடு. சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்ற கூற்று அரை நூற்றாண்டுக்கு முன்பே பொய்த்துவிட்டது.

ஹைப்ரிட் மகிழுந்தில் என்ன புதுமை?

பெட்ரோல் இயந்திரத்தையும் மின்மோட்டாரையும் இணைக்கும் எண்ணம் புதிதன்று. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900ஆம் ஆண்டிலேயே அத்தகைய வாகனமொன்றை உருவாக்கினார். 1971இல் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனப் பொறியாளர் மூவர் கோள் பற்சக்கரத்தின் வழியே இரு விசைகளையும் இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் அவ்வகை அமைப்பை மக்களிடம் கொண்டுசேர்த்தது.

அதன் அமைப்பு எளிமையானது. கோள்களைத் தாங்கும் சட்டத்தைப் பெட்ரோல் இயந்திரம் சுழற்றுகிறது. சூரியச் சக்கரத்தோடு ஒரு மோட்டார் இணைந்துள்ளது. வெளி வளையம் மகிழுந்தின் சக்கரங்களை நோக்கி விசையை அனுப்புகிறது. இரண்டாவது மோட்டார் அதற்குத் துணைநிற்கிறது. தானியங்கிக் கியரில் உள்ள கவ்வும் தகடுகள் இதில் இல்லை.

இதை என் தந்தையாரிடம் படம் வரைந்து விளக்கினேன். அவர் இவ்வட்டாரத்துச் செம்பனை ஆலையொன்றில் எண்ணெய் போடும் வேலையில் சேர்ந்து, மோட்டார் பழுதுபார்ப்பவராக ஓய்வு பெற்றவர். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கவ்வுற தகடே இல்லன்னா எண்ணெய்க்கு அங்க என்ன வேல?"

"பல்லுக்கு மசகு. அப்புறம் மோட்டார் சூட்டைத் தணிக்கணும்பா. எண்ணெய் செம்புக் கம்பிச் சுருள் மேலயே படுது."

"மோட்டார் உள்ளுக்குள்ளயே எண்ணெயா? அப்படின்னா கம்பி மேல பூசுன வார்னிஷத் தின்னாத எண்ணெயா இருக்கணும். கரண்டு கடத்தாததா இருக்கணும். கண்டதை ஊத்தாதம்மா."

நான் பல நாள் படித்துத் தெரிந்துகொண்டதை என் தந்தையார் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஹைப்ரிட் கியர் எண்ணெயைத் தெரிவு செய்வதன் சாரம் அதுவே.

எந்த எண்ணெய்?

நம் சாலைகளில் ஓடும் ஹைப்ரிட் மகிழுந்துகள் யாவும் ஒரே வகையின அல்ல. டொயோட்டா வகையில் கோள் பற்சக்கரம் உள்ளது. முதல் தலைமுறைப் பிரியஸுக்கு 'டி-4' எண்ணெயும், இரண்டாம் தலைமுறை தொட்டு 'டபிள்யூ.எஸ்.' எண்ணெயும் குறிக்கப்பட்டன. ஹோண்டா இன்சைட், 2012இல் மலாக்காவில் பொருத்தப்பட்ட ஜாஸ் ஹைப்ரிட் ஆகியவற்றில் எஃகுப் பட்டையால் இயங்கும் சி.வி.டி. கியர் உள்ளது. அதற்குரிய தனி எண்ணெய்க்கு மாற்றாகச் சாதாரணச் சிவப்பு எண்ணெயை ஊற்றினால் பட்டை வழுக்கித் தேய்ந்துவிடும். 2017இல் இங்கு வந்த ஜாஸ், சிட்டி ஹைப்ரிட் வண்டிகளிலோ இரட்டைக் கிளட்ச் கியர். அதன் எண்ணெயும் வேறு. ஆகவே வாகனக் கையேட்டில் உள்ள குறியீட்டையே பின்பற்றுதல் வேண்டும். 'அனைத்துக்கும் ஏற்றது' என்னும் தகர எழுத்தை நம்புதல் கூடாது.

ஆயுட்கால எண்ணெய் என்பதைப் பற்றியும் ஒரு சொல். தகடுகள் தேய்ந்து கலக்காததால் இவ்வெண்ணெய் நெடுங்காலம் உழைக்கும் என்பது மெய்யே. எனினும் புதிய பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புத் துகள் எங்கே போகும்? எண்ணெயிலேதான் மிதக்கும். நம் வெப்பமும் அதைக் களைப்படையச் செய்யும்.

கொட்டகையில் நடந்தது

மகிழுந்தைச் சமதளத்தில் நிறுத்தி, மின்விசையை முற்றாக அணைத்து, சாவியைத் தொலைவில் வைத்தோம். ஹைப்ரிட் மகிழுந்து ஓசையின்றி விழித்திருக்கும். பெட்ரோல் இயந்திரம் தானே உயிர்பெறவும் கூடும் என்பதால் இது மிக மிக முக்கியம். ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை. அவற்றைத் தொடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல், நான்கு பக்கமும் இரும்புத் தாங்கிகளை வைத்து வண்டியை மட்டமாக நிறுத்தினோம்.

முதலில் ஊற்றும் துளையின் திருகைத் திறக்க வேண்டும். பிறகுதான் வடியும் துளை. முன்னதைத் திறக்க முடியாமற் போனால், வடித்த பின் ஊற்ற வழியிராது. அருகிலுள்ள குளிர்நீர்த் திருகையோ இயந்திர எண்ணெய்த் திருகையோ கியர்த் திருகெனத் திறந்துவிட்டுத் திண்டாடியவர்களும் உண்டு. கையேட்டுப் படத்தோடு இருமுறை ஒப்பிட்ட பின்னரே குறடைத் தொட்டேன்.

எண்ணெய் வடிந்தது. தந்தையார் இரு விரலில் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்தார். "கருகின வாட இல்ல. பெட்டி நல்லா இருக்கு" என்றார். பல நாளாக என் நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

வடிந்த அளவை அளந்துகொண்டு, வடியும் துளையைப் புதிய வளையமிட்டு மூடினோம். மேலிருந்து நீண்ட குழாய் வழியே புதிய எண்ணெயை ஊற்றினோம். 4 லிட்டர்த் தகரம் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மூடி, மறுநாள் ஒழுக்கு உள்ளதா எனவும் பார்த்தோம். எல்லாம் நலம்.

பழைய எண்ணெயை அதே தகரத்தில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைத்தேன். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கழிவு மசகெண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்னும் குறியீடு பெற்ற அபாயக் கழிவாகும். முன்பெல்லாம் தோட்டங்களில் கறையானுக்கென்று வேலிக்கால்களில் பூசுவோம். மிஞ்சியதைக் கால்வாயில் கொட்டுவோம். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களுக்குப் பாய்வது பெர்ணம் ஆற்று நீர்தான். நாம் கொட்டுவது நம் சோற்றுக்கே திரும்பும்.

நிறைவாக

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் நான்காம் ஆண்டு படித்தபோது, மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட என் தந்தையார் ஆலையிலிருந்து நேரே பள்ளிக்கு வந்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு மசகு. அட்டையின் ஓரத்தில் அவர் விரல் பதிந்துவிட்டது. தோழிகள் பார்த்துவிடுவார்களே என்று அதை அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாளையே கிழித்துவிட்டேன். அன்று நான் வெட்கப்பட்ட அதே விரல்கள்தான் இன்று என் மகிழுந்தின் நலத்தைச் சொல்லின.

விடுமுறை முடிந்ததும் மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்றேன். ஒரு மாணவி சூரியன், நால்வர் கோள்கள், மற்றவர் வளையம். கைகோத்துச் சுற்றிக் கோள் பற்சக்கரத்தைப் புரிந்துகொண்டார்கள். பின்னர் ஒரு பணி கொடுத்தேன்: வீட்டில் தாத்தாவோ பாட்டியோ செய்த வேலையையும், அவ்வேலைக்குரிய சொற்களையும் கேட்டு எழுதி வர வேண்டும். வந்த தாள்களைப் பத்திரப்படுத்தி வருகிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வந்து கேட்டால், 'அது கூலி வேலைதானே' என்று தள்ளிவிடாமல் சொல்லுங்கள். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பாருங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.