பீர் ரொட்டியும் ஆப்ப சோடாவும்: ஒரு புளித்த வரலாறு



போன மாதம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன் ஒரு சமையல் குறிப்பு அனுப்பியிருந்தான். "உலகத்திலேயே ஈஸியான ரொட்டிடா. பிசைய வேண்டாம், ஊற வைக்க வேண்டாம், ஒரு மணி நேரத்துல ரெடி" என்று பில்டப் வேறு. குறிப்பு இதுதான்: சோடா கலந்த மைதா மூன்று கப், மூன்று ஸ்பூன் சர்க்கரை, ஒரு கப் துருவிய சீஸ், ஒரு டின் பீர். எல்லாவற்றையும் கரண்டியால் கலந்து 190 டிகிரியில் முக்கால் மணி நேரம் வேக வைக்க வேண்டும்.

இதை நான் சத்தமாகப் படித்ததுதான் தப்பு. பக்கத்தில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த எங்கள் ஆயா காதில் 'பீர்' மட்டும் தெளிவாக விழுந்துவிட்டது. "அந்தக் கருமத்த ஊட்டுக்குள்ள கொண்டாந்த... கால ஒடச்சிடுவன்!" என்றது. ஆயா சும்மா சொல்லவில்லை. தாத்தா குடித்தே நாலு காணி நிலத்தைத் தொலைத்தவர். அதனால் இந்த விஷயத்தில் ஆயாவிடம் யாரும் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை.

ஆனால் என் மண்டையில் ஒரு கேள்வி புகுந்துவிட்டது. ரொட்டிக்கு எதற்குப் பீர்? சோடாதான் மாவை உப்ப வைக்கப் போகிறதே, அப்புறம் பீருக்கு அங்கே என்ன வேலை? தேடிக்கொண்டு போனால், அது கடைசியில் நம்ம ஊர் மளிகைக் கடை வாசலில் வந்து நின்றது!

ரொட்டியும் பீரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

பண்டைய எகிப்தில் கூலியே ரொட்டியும் பீருமாகத்தான் கொடுத்தார்கள். இரண்டுக்கும் மூலப்பொருள் தானியம். இரண்டையும் புளிக்க வைப்பது ஈஸ்ட் என்ற ஒரே நுண்ணுயிர். அது சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் வெளியிடுகிறது. ரொட்டிக்காரனுக்கு வாயு வேண்டும், பீர் காய்ச்சுபவனுக்கு ஆல்கஹால் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். கால், ஸ்பெயின் பகுதி மக்கள் தங்கள் பானத்தின் மேலே திரளும் நுரையை எடுத்து மாவில் சேர்க்கிறார்களாம். அதனால் அவர்களது ரொட்டி மற்றவர்கள் ரொட்டியைவிட லேசாக இருக்கிறதாம். இந்த நுரைக்கு ஆங்கிலத்தில் 'பார்ம்' என்று பெயர். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் ரொட்டிக்காரர்கள் பீர் காய்ச்சும் இடத்துக்குப் பாத்திரத்தோடு போய் நுரை வாங்கி வந்தார்கள். (நுரை மாதிரிப் பொங்கும் கிறுக்கனை 'பார்மி' என்று ஆங்கிலத்தில் சொல்வது இதிலிருந்து வந்ததுதான்!)

ஆக, ஒரு காலத்தில் அங்கெல்லாம் ரொட்டி உப்புவதற்குப் பீர் நுரை கை கொடுத்தது. சரி, பீரே இல்லாத நம்ம பக்கத்தில் என்ன செய்தார்கள்?

நம்ம ஊர் ஈஸ்ட்: கள்

பனையிலும் தென்னையிலும் பாளை சீவி இறக்கும் சாறு இறங்க இறங்கவே புளிக்க ஆரம்பித்துவிடும். அதில் சேரும் ஈஸ்டும் பீரில் இருக்கும் அதே இனம்தான். புளிக்காமல் பதநீராகவே வேண்டும் என்றால் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டை வளர விடாது.

செராமிக் படிப்பவன் என்பதால் இந்தக் கலய விஷயத்தில் எனக்குத் தனி ஆர்வம். எங்கள் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் செய்யும் பீங்கான் பொம்மையும் மின் சாதனப் பீங்கானும் நன்றாக வெந்து இறுகி, மேலே கண்ணாடி மாதிரி பூச்சு ஏறியவை. தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. மண் கலயம் அப்படி இல்லை. குறைந்த சூட்டில் சுட்டது, உடம்பெல்லாம் நுண்துளை. எவ்வளவு கழுவினாலும் நேற்றைய கள் அந்தத் துளைகளில் கொஞ்சம் தங்கியிருக்கும். இன்று இறங்கும் சாற்றுக்கு அதுவே உறை! தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, அதே கதைதான். வகுப்பில் 'நுண்துளைத் தன்மை' என்றால் குறைபாடு மாதிரியே படித்த எனக்கு, அதனால் இப்படி ஒரு உபயோகமா என்று ஆச்சரியமாகிவிட்டது.

இந்தக் கள்தான் ஆப்ப மாவுக்குப் போனது. யாழ்ப்பாணத்திலும் கேரளத்திலும் அரிசி மாவில் கள் விட்டுப் புளிக்க வைத்த ஆப்பம் இன்றும் பேர் பெற்றது. 'இட்லிக்குக் கள் தேவையில்லையே?' என்று நீங்கள் கேட்கலாம். இட்லியில் உளுந்தோடு வரும் பாக்டீரியாக்களே வாயுவை உண்டாக்கிவிடுகின்றன. உளுந்து இல்லாமல் வெறும் அரிசியில் சுடும் ஆப்பத்துக்குத்தான் வெளியிலிருந்து ஒரு கை கொடுக்க ஆள் தேவைப்பட்டது.

பிறகு போர்த்துகீசியர்கள் வந்தார்கள். 1505இல் இலங்கை, 1510இல் கோவா. இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் 'பாண்' என்பது போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கோதுமை ரொட்டி சுடத் தெரிந்தவர்களுக்கு இங்கே பீர் நுரை கிடைக்கவில்லை. கோவாவில் ரொட்டி சுட்டவர்கள் தென்னங்கள்ளை மாவில் ஊற்றினார்கள். அந்த ரொட்டி அங்கே நூற்றாண்டுக் கணக்கில் கள்ளால்தான் உப்பியது.

இன்னொரு சுவையான கதை தலச்சேரியில். அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. மம்பள்ளி பாப்பு என்பவர் 1880இல் அங்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கியிருந்தார். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒரு கிறிஸ்துமஸ் கேக்கைக் காட்டி, 'இதே மாதிரி செய்து கொடு' என்று கேட்டாராம். மாவுக்கு மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கவும் சொன்னாராம். பாப்புவோ முந்திரிப் பழமும் கதலிப் பழமும் சேர்த்துப் புளிக்க வைத்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றிக் கேக் செய்ததாகச் சொல்லப்படுகிறது. துரைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்!

முந்திரிப் பழம் என்றதும் எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை செம்மண் காடெல்லாம் முந்திரித் தோப்பு. கோடையில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே போட்டுவிடுவார்கள். தோப்பு முழுக்கப் புளிச்ச வாசனை வீசும். அது ஈஸ்ட் வேலை செய்யும் வாசனை என்று இப்போதுதான் புரிகிறது.

பிரிந்த பாதை

19ஆம் நூற்றாண்டில் ரொட்டியும் பீரும் பாகம் பிரித்துக்கொண்டன. மூன்று காரணங்கள்.

ஒன்று, பீரே மாறியது. ஈஸ்ட் மேலே மிதக்காமல் அடியில் படியும் 'லாகர்' பீர் பரவியது. நுரையை நம்பியிருந்த ரொட்டிக்காரர்கள் திண்டாடினார்கள். வியன்னாவில் ரொட்டிக்கென்றே ஈஸ்ட்டைத் தனியாக வளர்த்துக் கட்டியாக அழுத்தி விற்க ஆரம்பித்தார்கள். 1868இல் பிளெய்ஷ்மன் சகோதரர்கள் அமெரிக்காவில் அதைப் பெரிய தொழிலாக்கினார்கள்.

இரண்டு, அறிவியல். புளிப்பது உயிருள்ள ஒன்றின் வேலை என்று 1857 முதல் லூயி பாஸ்டர் எழுதிக் காட்டினார். உயிர் என்று தெரிந்த பிறகு அதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் இல்லையா?

மூன்று, வேதியியல். இங்கிலாந்தில் ஆல்பிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவருக்காகவே 1843இல் பேர்டு பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். (பெண்டாட்டிக்குத் தாஜ்மகால் கட்டுவதைவிட இது எவ்வளவோ உபயோகம்!) 1845இல் பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ஜோன்ஸ் மாவிலேயே அந்தப் பொடியைக் கலந்து காப்புரிமை வாங்கினார். காரமான சோடாவும் ஒரு புளிப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்தால் உடனே கரியமில வாயு. ஈஸ்ட் மணிக்கணக்கில் செய்யும் வேலை, நிமிஷத்தில் முடிந்தது.

இப்போது என் தோழனின் குறிப்புக்கு வருவோம். கடையில் விற்கும் பெரும்பாலான பீர்கள் வடிகட்டிச் சூடுபடுத்தியவை. அதில் உயிருள்ள ஈஸ்ட் இருக்காது. ரொட்டியை உப்ப வைப்பது மாவில் இருக்கும் சோடாதான். பீர் கொஞ்சம் வாயுவும் கொஞ்சம் புளிப்பும் கசப்பு கலந்த மணமும் தரும், அவ்வளவே. வாழ்ந்து கெட்ட ஜமீன்தார் மாதிரி, வேலை போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது!

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 'வேகும்போது ஆல்கஹால் முழுசா ஆவியாகிடும்' என்பார்கள். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி மாவில் கலந்து ஒரு மணி நேரம் வேக வைத்தாலும் கால் பங்கு அளவு தங்குகிறது. ஒரு சின்ன டின் பீரில் இருப்பதே கொஞ்சம்தான், அதில் கால் பங்கு போதை தராது. ஆனால் 'வேண்டாம்' என்பவரிடம் 'ஒன்றுமே இருக்காது' என்று சொல்வது பொய். அதனால் ஆயாவிடம் நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

மளிகைக் கடையில் ஒளிந்திருந்த வரலாறு

நம் மாநிலத்தில் கதை இன்னொரு விதமாகத் திரும்பியது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் மறுபடி இறுகி, 1981இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் அனுமதி வந்து, 1987இல் இரண்டும் தடை செய்யப்பட்டன. 2003இல் மதுச் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் எடுத்துக்கொண்டது. கள்ளுக்குத் தடை இன்றும் நீடிக்கிறது.

விளைவைப் பாருங்கள். இன்று விருத்தாசலத்தில் ஒருவர் வெள்ளைக்காரர் பாணியில் ரொட்டி சுட வேண்டுமென்றால் பீரைச் சட்டப்படி வாங்கலாம். ஆப்ப மாவுக்கு ஒரு டம்ளர் கள் வேண்டுமென்றால் அது குற்றம்! பனை நம் மாநில மரம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளை ஆதரித்துக் கொடி பிடிக்க நான் வரவில்லை. எங்கள் வீட்டிலேயே நாலு காணி போயிருக்கிறது. ஆனால் தடை போட்டபோது குடிப்பவன் கையிலிருந்த கள்ளோடு சேர்த்து அடுப்படியில் இருந்த கள்ளும் போய்விட்டது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு! ஒரு இடத்தில் எழுதியிருக்கிறது.

மளிகைக் கடையில் போய் பேக்கிங் சோடா என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டு, "ஆப்ப சோடாதானே?" என்பார். அந்தப் பொடியைக் கண்டுபிடித்தவர்கள் ஆப்பத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அதற்கு நாம் ஆப்பத்தின் பெயரை வைத்திருக்கிறோம். கள் இருந்த இடத்துக்கு அந்தப் பொடி வந்து உட்கார்ந்ததை அந்தப் பெயரே சொல்கிறது.

இதை ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆமாண்டா, எங்கம்மா ஒரு கொட்டாங்கச்சில வாங்கியாந்து மாவுல ஊத்தும். காத்தால ஆப்பம் பூ மாதிரி இருக்கும். அதே கள்ளதான் ஒங்க தாத்தனும் குடிச்சாரு" என்றது. மேலே ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் என்ன சுட்டேன்?

பீர் இல்லாமலேதான். சோடாவுக்குத் தேவை ஒரு புளிப்பு. நம்மிடம் புளித்த தயிர் இருக்கிறது. அயர்லாந்துக்காரர்கள் மோரும் சோடாவும் சேர்த்து இப்படித்தான் ரொட்டி சுடுகிறார்கள்.

மைதா இரண்டு கப், ஆப்ப சோடா முக்கால் ஸ்பூன், உப்பு அரை ஸ்பூன், சர்க்கரை இரண்டு ஸ்பூன், துருவிய சீஸ் கால் கப், நறுக்கிய பச்சை மிளகாய் இரண்டு, புளித்த தயிர் ஒரு கப். தேவைப்பட்டால் கொஞ்சம் தண்ணீர். அதிகம் பிசையாமல் கலந்ததும் அடுப்பேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வாயு போய்விடும். அவன் இல்லாததால் பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிஷம் சூடாக்கி, உள்ளே பாத்திரத்தை வைத்துச் சிறு தீயில் 45 நிமிஷம்.

முதல் தடவை நானே செய்த பீங்கான் கிண்ணத்தைப் பெருமையாக உள்ளே வைத்தேன். சூடான குக்கரில் குளிர்ந்த கிண்ணம்... 'டிக்' என்று இரண்டாகப் பிளந்தது. வெப்ப அதிர்ச்சி பற்றிப் பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு நன்றாக எழுதியவன் நான்! இரண்டாவது தடவை ஆயாவின் அலுமினியத் தூக்கு காப்பாற்றியது.

ரொட்டி நன்றாக உப்பியது. மேலே சீஸ் பொன்னிறமாக முறுகியிருந்தது. ஆயா ஒரு துண்டு பிட்டு மோந்து பார்த்து, சந்தேகம் தீர்ந்த பிறகே வாயில் போட்டது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆப்பம் மாதிரி வராது" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டது.