பித்தன் என்னும் பெயரும் இருமுனைக் கோளாறும்: வடலூர் – சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மிகை எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் காலமுறையில் வந்து நீங்கும் இருமுனைக் கோளாறு, பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ வெளிப்படுகிறது. தமக்கு இந்நோய் உள்ளதெனப் புதிதாக அறியும் இளையோர், நோயோடு அதற்குச் சமூகம் முன்பே வைத்துள்ள பெயர்களையும் எதிர்கொள்கின்றனர். ஆளைச் சுட்டிய பெயர்கள் நோயைச் சுட்டுவனவாக மாறிய வரலாற்றை மொழி, நிறுவனம், மருத்துவம், சட்டம் ஆகிய தளங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பித்து, இருமுனைக் கோளாறு, வடலூர், மனநலச் சட்டம், பதின்பருவம்

முன்னுரை

காய்ச்சல் கண்டவர் ‘எனக்குக் காய்ச்சல்’ என்கிறார். நான்காம் வேற்றுமை உருபு நோயையும் நோயுற்றவரையும் வேறாக நிறுத்துகிறது. மனநோயைக் குறிக்கத் தமிழில் இருவகை வழக்குகள் உள்ளன. ‘அவனுக்குப் பித்துப் பிடித்தது’, ‘பித்துத் தெளிந்தது’ என்பன ஒன்று. இதில் நோய் வருகிறது, நீங்குகிறது. ‘பித்தன்’, ‘பைத்தியக்காரி’ என்பன மற்றொன்று. இதில் ஆளே நோயின் பெயரைப் பெறுகிறார், தெளிவுக்கு இடமில்லை. பதினாறு வயதினர் ஒருவர் இவ்விரண்டில் எதற்குள் வைக்கப்படுகிறார் என்பது அவரது கல்வி, திருமணம், வேலை அனைத்தையும் பாதிக்கிறது.

பித்து: உயர்வும் இழிவும்

வடலூரைச் சூழ்ந்த நிலப்பகுதியில் இச்சொல்லுக்கு நெடிய மரபு உண்டு. சுந்தரர் திருவெண்ணெய்நல்லூரில் இறைவனைப் பித்தன் என விளித்துப் பாடத் தொடங்கினார். அவர் வரலாற்றைக் கூறும் பெரியபுராணத்தைச் சேக்கிழார் தில்லையில் இயற்றினார் என்பது மரபு. இறைவனுக்குப் புகழாக அமைந்த அதே சொல் தெருவில் வசையாயிற்று. சொல்லின் உயர்வு, நோயுற்ற பிள்ளை உள்ள வீட்டிற்குக் காப்பாகவில்லை.

நோய்க்குரிய காரணத்தைத் தவறாகக் கணிப்பதும் பழமையானதே. சங்க அகப்பாடல்களில் இளம்பெண்ணின் மெலிவைக் கண்ட தாய், அதனை முருகு அணங்கியதாகக் கருதி வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு பார்த்து வெறியாடுகிறான். தலைவியின் துயர் காதலால் வந்ததே அன்றி நோயால் வந்ததன்று. எனினும் தாயின் பிழை நோக்கத்தக்கது: அவள் அன்பில் குறையில்லை, அவளுக்குக் கிடைத்த விளக்கம் ஒன்றே. உறங்காமல் ஓயாது பேசும் மகனுக்குச் செய்வினை என்றும், படுக்கையிலிருந்து எழாத மகளுக்குச் சோம்பல் என்றும் பெயரிடும் இன்றைய பெற்றோரின் நிலையும் இதுவே.

இருவகை நிலையங்கள்

இராமலிங்க அடிகள் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். சத்திய ஞானசபை 1872இல் திறக்கப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 1871இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசின் பைத்தியக்கார விடுதி செயல்படத் தொடங்கியது. தருமச்சாலை வந்தவரின் பசியை மட்டும் நோக்கியது. விடுதி 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆளை அடைத்து வைத்தது.

அடிகளின் ஜீவகாருண்ய ஒழுக்கம், உயிர்கள் உறும் துன்பங்களுள் பிணியையும் ஒன்றாக எண்ணுகிறது. பசியால் அறிவு மயங்கி மனம் தடுமாறுவதை விரித்துரைக்கிறது. மனத்தின் குலைவை ஒருவரது இயல்பாகக் கொள்ளாமல், அவர் உற்ற துன்பத்தின் விளைவாகக் காணும் பார்வை இதில் உள்ளது.

மருத்துவம் தந்த பெயர்

1899இல் செருமானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின், எழுச்சியையும் சோர்வையும் ஒரே நோயின் இரு தோற்றங்களாக வகுத்தார். இடைக்காலங்களில் நோயாளி தெளிவடைவதை இதன் முக்கிய அடையாளமாகக் கொண்டார். 1949இல் ஆசுத்திரேலியாவின் ஜான் கேட், லித்தியத்தின் பயனை வெளியிட்டார். 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு ‘இருமுனை’ என்ற பெயரை ஏற்றது. நோய் நீடிப்பினும் அதன் தாக்குதல்கள் காலவரையறை உடையவை என்ற செய்தி இப்பெயர் மாற்றங்களின் அடிப்படையாகும். தமிழின் ‘தெளிதல்’ வழக்கும் இதனையே கூறியது.

பெயர் மட்டும் போதுமானதன்று. லித்தியம் உட்கொள்வோர்க்குக் குருதியில் அதன் அளவும், சிறுநீரக, தைராய்டுச் செயற்பாடும் காலந்தோறும் சோதிக்கப்படவேண்டும். கடலூர் மாவட்டக் கோடையில் உடல் நீர் குறைந்தால் மருந்தின் அளவு குருதியில் ஆபத்தாக உயரக்கூடும். தேர்வுக்காகவோ திருவிழாவுக்காகவோ தொடர்ந்து கண்விழிப்பது எழுச்சிநிலையைத் தூண்டலாம். நலமடைந்ததாக உணர்ந்து மருந்தைத் தாமே நிறுத்துவது நோய் மீள்வதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. கீழ்ப்பாக்கத்தை மட்டும் நம்பியிருந்த காலத்தில் இத்தகைய தொடர் கண்காணிப்பு இவ்வட்டாரத்தார்க்கு அரிது. சிதம்பரத்தில் 1985இல் தொடங்கப்பெற்று இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக உள்ள நிறுவனம் அத்தொலைவைக் குறைத்துள்ளது.

சட்டத்தின் சொல்

1912ஆம் ஆண்டுச் சட்டம் ‘பைத்தியர்’ என்றது; 1987ஆம் ஆண்டுச் சட்டம் ‘மனநோயாளி’ என்றது; 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ‘மனநோயுடைய நபர்’ என்கிறது. ஆளிடமிருந்து நோய் படிப்படியாகப் பிரிக்கப்படுவதை இம்மூன்றும் காட்டுகின்றன. இடையில் 2001 ஆகத்து 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் உட்பட 28 பேர் தீயில் மாண்டனர். 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடுக்கிறது. முன்பு சிகிச்சை பெற்றதை மட்டுமே கொண்டு ஒருவரை இன்றும் மனநோயுடையவர் எனத் தீர்மானித்தல் ஆகாது என்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பெரியோரிடமிருந்து தனியே வைத்துப் பேணவும், உடன் ஒருவர் தங்கவும் வகைசெய்கிறது.

முடிவுரை

‘பித்தன்’ என்ற ஆட்பெயரிலிருந்து ‘நோயுடைய நபர்’ என்ற தொடருக்குச் சட்டம் வர நூறாண்டுகளுக்கு மேலாயின. நோய் வரும், தெளியும் என்ற வழக்கு தமிழ்ப் பேச்சில் முன்பே இருந்தது. ஆனால் வகுப்பறையிலும் உறவினர் நடுவிலும் ஆட்பெயரே இன்னும் முந்துகிறது. ஒரு மாணவர் ‘எனக்கு இருமுனைக் கோளாறு உள்ளது’ என்று கூறும்போது, அத்தொடரிலுள்ள நான்காம் வேற்றுமையைக் கேட்பவர் காத்துத் தரவேண்டும். ‘அவன் ஒரு பைத்தியம்’ என்று அதனை எழுவாயும் பயனிலையுமாக மாற்றாதிருத்தல், மொழி கற்பிப்போர்க்கும் உரிய கடமையாகும்.