யார் கை போட்டது? - குழந்தை ஓவியப் போட்டிகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சில வருஷங்களுக்கு முன்பு புதுக்கோட்டையில் ஒரு குழந்தைகள் ஓவியப் போட்டிக்கு நடுவராக உட்கார நேர்ந்தது. நடத்தியவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறார்கள். தலைப்பு 'இயற்கையைக் காப்போம்'. தாளும் வண்ணமும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்பது விதி. வந்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே படம்: இரண்டு கைகள் ஏந்திய பூமி உருண்டை, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெடித்த மண். இல்லாவிட்டால் பாதி தழைத்து பாதி பட்டுப்போன மரம். ஜன்னலுக்கு வெளியே பெற்றோர்கள் நின்று, 'அந்த ஓரத்துல இன்னுங் கொஞ்சம் நீலம் குடுடா' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இவற்றில் எதையும் நடுவர்களாகிய நாங்கள் மூவரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டது ஒரேயொரு தாளை. அரசுப் பள்ளிச் சீருடையில் வந்திருந்த ஒரு சிறுமி ஊருணியும் தாமரையும் ஒரு எருமையும் போட்டிருந்தாள். கோடு எங்கேயும் நடுங்கவில்லை. எருமையின் முதுகு ஒரே இழுப்பு. 'சின்னப்புள்ள போட்ட மாதிரி இல்லையே, வீட்டுலயே யாராச்சும் பென்சில்ல போட்டுக் குடுத்திருப்பாங்க' என்றார் ஒருவர். நான்தான் எழுந்துபோய், 'பாப்பா, இன்னொரு தடவை இங்கயே போட்டுக் காட்டுறியா?' என்று கேட்டேன். மூன்று பெரியவர்கள் சுற்றி நிற்க அவள் போட்டாள். எருமையின் பின்னங்கால் கோணிப்போனது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்பினோம். அவளுடைய அப்பா சுவர் விளம்பரமும் கடைப் பெயர்ப்பலகையும் எழுதுகிறவர், ஃப்ளெக்ஸ் வந்தபிறகு பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர், அவர் போட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்பியே அந்தப் பிள்ளையின் கை வளர்ந்தது என்பதெல்லாம் பிறகு தெரியவந்தது.

பூமி உருண்டையைச் சந்தேகிக்காத கண் எருமையை மட்டும் ஏன் சந்தேகித்தது? அன்றைக்கு என் புத்தி அப்படி என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, உண்மையில் இரண்டு வரலாறு.

முதலாவது சென்னையிலிருந்து வருவது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் அங்கே ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். சில வருஷங்களில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. கைத்தொழிலாளியின் கையைக் காலனியச் சந்தைக்குத் தோதாகப் பழக்குவது இத்தகைய பள்ளிகளின் வேலையாக இருந்தது. கொடுத்த உருவத்தைப் பிசகாமல் நகலெடுப்பவன் நல்ல மாணவன். நம் ஓவிய ஆசிரியர்கள் எழுதித் தேறிவந்த 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' தேர்வுகள் இந்த மரபின் வாரிசுகள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சார் கரும்பலகையில் மாம்பழம் போட, நாற்பது பிள்ளைகளும் நாற்பது மாம்பழம் போட்டதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது.

இரண்டாவது வரலாறு வியன்னாவிலிருந்து வருகிறது. 1897-இல் ஃப்ரான்ஸ் சிசேக் அங்கே குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பைத் திறந்தார். குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்காதே, அது தன்னுள்ளிருந்து வரையட்டும் என்பது அவர் கட்சி. 1917-இல் லண்டனில் ரோஜர் ஃப்ரை தம்முடைய ஒமேகா பட்டறையில் குழந்தைகளின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அகாடமி ஓவியத்தில் சலித்துப்போன நவீனத்துவர்களுக்கு ஒரு தூய கை தேவைப்பட்டது. ஆப்பிரிக்க முகமூடியில் தேடிய அதே தூய்மையைக் குழந்தையிடமும் தேடினார்கள். வேடிக்கை என்னவென்றால், சிசேக்கின் பிள்ளைகள் போட்ட படங்கள் ஒன்றுக்கொன்று ஒரே ஜாடையில் இருப்பதாக அப்போதே பேச்சு எழுந்தது. சொல்லிக்கொடுக்காமலே சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதை அந்த வகுப்பு அறிந்திருந்தது. குழந்தைமை என்பதே வரலாற்றில் கட்டமைக்கப்பட்டது என்று ஃபிலிப் ஆரியஸ் 1960-இல் எழுதினார். 'குழந்தைத்தனமான கோடு' என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்று எங்கள் மேஜையில் இந்த இரண்டு கண்களும் உட்கார்ந்திருந்தன. முதல் கண்ணுக்கு அந்தச் சிறுமியின் கோடு முழு மதிப்பெண் பெறத்தக்கது. இரண்டாவது கண்ணுக்கு அதுவே குற்றத்தின் தடயம். பூமி உருண்டைக்கோ இரண்டு இடத்திலும் அனுமதி கிடைத்துவிடுகிறது: கருத்து பெரியவர்களுடையது, கோணல் குழந்தையுடையது. நடுவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தியாவில் குழந்தை ஓவியப் போட்டி என்ற வடிவத்தை நிலைநிறுத்தியவர் கேலிச்சித்திரக்காரர் சங்கர். 1949-இல் அவருடைய 'சங்கர்ஸ் வீக்லி' சார்பில் தொடங்கிய போட்டி அடுத்த வருஷமே உலக நாடுகளின் குழந்தைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. பிரிவினை ரத்தம் காயாத காலத்தில், எல்லைகள் அறியாத குழந்தை என்ற பிம்பம் நேருவின் தேசத்துக்குத் தேவையாகவும் இருந்தது. அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் தபாலில் வருகிற படத்தை யார் போட்டது என்று எப்படித் தெரியும்? 1952-இல் தில்லியில் 'ஆன் தி ஸ்பாட்' போட்டியும் தொடங்கியது. பிள்ளைகளை ஓரிடத்தில் உட்காரவைத்து, கண்ணெதிரே போடச் சொல்வது. இன்று நம்மூர் கல்யாண மண்டபங்களில் நடப்பதெல்லாம் இந்த வடிவம்தான். நியாயமான ஏற்பாடு என்றுதான் தோன்றும். பரீட்சை என்பது கண்காணிப்பையும் தரப்படுத்தலையும் ஒரே சடங்கில் முடிச்சுப்போடுவது என்று பூக்கோ 1975-இல் எழுதியது இங்கே ஞாபகம் வருகிறது.

கண்காணிப்பால் நகல் ஒழியவில்லை. தாளிலிருந்து கைக்கு இடம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் மூன்று தலைப்புக்கு மூன்று படம் மனப்பாடம் செய்விக்கப்படுகிறது. பிள்ளை மண்டபத்தில் உட்கார்ந்து அதை ஒப்பிக்கிறது. விதிப்படி அது 'சொந்தப் படைப்பு'. தமிழில் 'பிரதி' என்ற சொல் மூலப்பனுவலையும் நகலையும் ஒருசேரக் குறிப்பது தற்செயல்தான் என்றாலும் இந்த இடத்துக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

இந்தச் சந்தேகம் நம்மூரோடு முடிவதுமல்ல. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் அரூப ஓவியங்கள் 2004-இல் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. அடுத்த வருஷம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ரகசியக் கேமரா வைத்துப் பார்த்து, அப்பாவின் பங்கு இருக்குமோ என்று கேட்டது. 2007-இல் அதைப் பற்றி ஒரு ஆவணப்படமும் வந்தது. அங்கே கேள்விக்குள்ளானது சந்தை. நம்மிடம் பணம் இல்லை, ஒரு கேடயமும் சான்றிதழும்தான். ஆனால் அப்பாவின் கை பிள்ளையின் கைக்குள் இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு மட்டும் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

இந்த மாவட்டத்தில் அந்த எதிர்பார்ப்பு விநோதமானது. புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளிச் சித்தன்னவாசல். அங்கே விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் துறவிகள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு, திருப்பணி செய்த இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியரின் பெயரைச் சொல்கிறது. தூரிகை பிடித்த கைகள் எத்தனை, அவற்றில் சிறுவர் கை உண்டா என்று சொல்லவில்லை. அறந்தாங்கிப் பக்கம் அய்யனாருக்குக் குதிரை செய்யும் வேளார் வீடுகளில் மண் மிதிப்பது, உருட்டுவது, சலங்கை ஒட்டுவது என்று பெரியவர்களோடு பிள்ளைகளும் கை கொடுப்பார்கள். குதிரையை யார் செய்தது என்று கேட்டால் 'நாங்கதான்' என்பார்கள். கோலமும் அப்படித்தான். 1991-92-இல் இங்கே அறிவொளி வகுப்பு எடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். சிலேட்டைக் கொடுத்தால் 'கை வராது சார்' என்று கூசிய கல்குவாரிப் பெண்கள், மறுநாள் விடிகாலையில் பதினைந்து புள்ளிக் கோலத்தை ஒரு இழை பிசகாமல் போட்டுவிட்டு வேலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக் கற்ற கை. அதைக் காப்பி என்று யாரும் சொன்னதில்லை, அது போட்டிக்கு வராதவரை.

நடுவரின் கண்ணைத் திருத்தினால் மட்டும் நியாயம் வந்துவிடாது என்பதும் உண்மை. இருபத்துநாலு நிற ஆயில் பேஸ்டலும் கெட்டித்தாளும் கொண்டுவருகிற பிள்ளைக்குப் பக்கத்தில், நாலு உடைந்த கிரேயானோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஓவியமும் உடற்கல்வியும் போன்றவற்றுக்கென 2012-இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது, நிரந்தரம் கேட்டு அவர்கள் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் என்ன வரைகிறார்கள் என்ற கேள்விக்குள் இந்தக் கணக்கும் இருக்கிறது. 2022-இலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே கலைத் திருவிழா நடத்தப்பட்டது பெரிய விஷயம்தான். மைதானம் ஓரளவு சமமானது. ஆனால் பள்ளியில் தொடங்கி மாநிலம்வரை வடிகட்டிக்கொண்டே போகும் அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் என்னைப் போன்ற நடுவர்கள்தானே உட்கார்ந்திருப்போம்.

மறு வருஷம் அதே போட்டிக்கு அழைத்தபோது சில நிபந்தனைகள் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே பன்னிரண்டு நிறம். ஜன்னலை அடைப்பது. தலைப்பு வேண்டாம். யார் மீதும் தனியாகச் சந்தேகம் விழாதபடி, ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசட்டும். கடைசி நிபந்தனை என் மூளையில் உதித்தது, பெருமையாகவும் இருந்தது. நடந்தது என்னவென்றால், நன்றாகப் பேசிய பிள்ளைகள் மேலே வந்தார்கள். பூமி உருண்டை போட்ட பையன் ஓசோன் படலம் பற்றி ஐந்து நிமிஷம் பேசினான். குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைப் பச்சையாகத் தீட்டியிருந்த பையனிடம் 'இது என்னப்பா?' என்றபோது, 'தண்ணி' என்று சொல்லிவிட்டு நின்றான். பேச்சுக்கென்று ஒதுக்கிய மதிப்பெண்ணை அடித்துவிடலாம் என்று மற்ற நடுவர்களிடம் வாதாடிப் பார்த்தேன். விதிமுறைத் தாளில் அச்சாகிவிட்டது சார் என்றார்கள்.

எருமை போட்ட சிறுமி அந்த வருஷம் வரவில்லை.