இடம் எழுதிய கல்: உயிர்ச்சுவடு தேடியவர்களின் கதை

காரைநகரில் ஒரு வீட்டுக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அள்ளிய மண்ணும் கல்லும் வேலியோரம் குவிந்து கிடந்தன. என் வகுப்புப் பிள்ளை ஒருவன் அதில் ஒரு துண்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தான். உள்ளங்கை அளவு, மஞ்சள் கலந்த வெள்ளைக் கல். அதன் ஒரு பக்கத்தில் விசிறி விரித்த மாதிரி வரிவரியாக ஒரு சிப்பியின் அச்சு.

"சேர், இது சிப்பியோ, கல்லோ?" என்று கேட்டான்.

இரண்டும்தான் என்றேன். பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். கிணற்றில் எத்தனை முழத்தில் இது வந்தது? அவனுக்குத் தெரியவில்லை. "குவியலில கிடந்தது சேர்" என்றான். அந்த இடத்தில் எங்கள் ஆராய்ச்சி முடிந்துபோனது.

பழங்கால உயிர்களின் உடலோ அச்சோ கல்லில் தங்கியிருப்பதை எங்கள் பாடநூல்கள் உயிர்ச்சுவடு என்கின்றன. தமிழகத்தில் புதைபடிவம் என்பார்கள். இதைத் தேடிப் பொறுக்குவது பெரிய விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய வேலை அல்ல. இந்தக் கல்வியின் கணிசமான பகுதியை வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் தேடியவர்கள்தான் கட்டியெழுப்பினார்கள். அவர்களில் யாருடைய கல் பேசியது, யாருடைய கல் ஊமையாகிப் போனது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் எங்கட நிலத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் அடித்தளமாக இருப்பது சுண்ணாம்புக்கல். மயோசீன் என்று சொல்லப்படும் காலத்தில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடியில் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகி உண்டான கல் அது. மழைநீர் அதைக் கரைத்துக் குகைகளும் வழிகளும் உண்டாக்கியதால்தான் நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் நமக்குக் கிடைத்தன. கரையோரத்தில் காணும் முருகைக்கல் வேறு. அதன் வயது இதனோடு ஒப்பிட மிகக் குறைவு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் தேடப் போகிறவர் செய்யும் முதல் பிழை.

இரண்டாவது பிழை ஒன்றும் உண்டு. தரைக்குள் சிப்பியைக் கண்டதும் தமிழ் படித்தவர்களுக்கு இறையனார் களவியல் உரை சொல்லும் கடல்கோள் நினைவுக்கு வரும். நம்மவர்களுக்கு நூஹ் நபி காலத்துப் பெருவெள்ளம் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சிப்பி வாழ்ந்தபோது மனிதன் படைக்கப்படவே இல்லை. மனிதர் நினைவில் நின்ற எந்த வெள்ளத்தோடும் இதைச் சேர்க்க முடியாது.

இதைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிதானமாகச் சிந்தித்தவர் அல்பீரூனி. 1025ஆம் ஆண்டளவில் கஸ்னாவில் அவர் எழுதி முடித்த ஒரு நூலின் பெயரைச் சுருக்கமாகத் 'தஹ்தீத்' என்பார்கள். இடங்களின் எல்லைகளை வரையறுத்தல் என்பது அதன் பொருள். ஓர் ஊர் பூமியில் சரியாக எங்கே இருக்கிறது, அங்கிருந்து கிப்லா எந்தத் திசை என்று கணக்கிடுவது அந்நூலின் முக்கிய நோக்கம். அதன் தொடக்கப் பகுதியில், அரபுப் பாலைவனத்தில் கிணறு வெட்டும்போது வெளிவரும் கற்களைப் பற்றிப் பேசுகிறார். அவற்றை உடைத்தால் உள்ளே சிப்பியும் சோகியும் இருக்கின்றன. சிலவற்றில் ஓடு அப்படியே இருக்கிறது. சிலவற்றில் ஓடு அழிந்துபோய் அதன் வடிவம் மட்டும் குழிந்து நிற்கிறது. ஆகவே அந்தப் பாலைவனம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்பது அவர் முடிவு. என் மாணவன் கொண்டுவந்த கல் அந்த இரண்டாம் வகை.

அதே காலத்தவரான இப்னு சீனாவும் 'கிதாபுஷ் ஷிஃபா'வில் கல் எவ்வாறு உண்டாகிறது, உயிர்களின் உடல் எவ்வாறு கல்லாகிறது என்று ஆராய்ந்தார். அந்தப் பகுதி இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் நெடுங்காலம் அரிஸ்டோட்டில் எழுதியது என்றே படிக்கப்பட்டது. எழுதியவர் பெயர் விடுபட்டால் அறிவின் உரிமையும் கைமாறிவிடும் என்பதற்கு அது ஒரு சான்று. சூரா அல்-அன்கபூத்தின் 20ஆவது வசனம் பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தை நோக்கச் சொல்வதை நாம் அறிவோம். அந்த முன்னோர்கள் அதைச் சொல்லோடு நிறுத்திவிடவில்லை.

நம்முடைய மொழி வழங்கும் நிலத்தில் இந்தத் தேடலின் பெரிய களம் தமிழகத்தின் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி. அங்கேயும் காரை என்றொரு ஊர் உண்டு. காரைதீவு என்ற பழைய பெயருள்ள நம் காரைநகர் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள். அந்தக் காரையில் மண் வெயிலில் வெடித்து, மழையில் அரித்து, நிலம் முழுக்க ஓடைகளாகப் பிளந்து கிடக்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் ஓடையில் இறங்கி நடந்தால், ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரிச் சுருண்ட அம்மோனைட்டுகளும், விரல் தடிப்பில் கூர் முனையோடு பெலம்னைட்டுகளும் கழுவி வைத்தாற்போல் கிடக்கும். அவை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையான கிரெட்டேசியக் கடலுக்கு உரியவை. அம்மோனைட் இனம் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போனது. ஆகவே 2 கோடி ஆண்டு வயதுள்ள யாழ்ப்பாணக் கல்லிலிருந்து அம்மோனைட் எடுத்தேன் என்று யாராவது காட்டினால், கல் உண்மையாக இருக்கலாம், ஆனால் அவர் சொல்லும் இடம் பொய்.

1840களில் அந்தப் பகுதிகளில் கல் பொறுக்கியவர்கள் இருவர். கேய் என்பவரும் கன்லிஃப் என்பவரும். இருவரும் மதராஸில் கிழக்கிந்தியக் கொம்பனியின் சிவில் உத்தியோகத்தர்கள். புவியியல் அவர்கள் தொழில் அல்ல. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய மூன்று வட்டாரங்களில் சேர்த்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் இலண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். கேயின் பெயரில் ஓர் அம்மோனைட் இன்றும் வழங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. ஃபோர்ப்ஸ் ஒரு முடிவில் தவறினார். மூன்று இடங்களில் புதுச்சேரிப் படிவுகளே மூத்தவை என்று அவர் கருதினார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்ட் அந்த நிலங்களை நடந்து அளந்தார். அவருடைய ஆய்வு 1862இல் வெளிவந்தது. ஸ்டோலிச்கா என்ற அறிஞர் உயிர்ச்சுவடுகளைத் தனித்தனியாக விவரித்தார். 1890களில் கொஸ்மாட் மறுபடி ஆராய்ந்தார். இவர்களுடைய உழைப்பால், புதுச்சேரிப் படிவுகள் மூத்தவை அல்ல, அரியலூர்ப் படிவுகளை ஒத்த இளையவை என்று தெளிவானது. அறிஞர் தவறினாலும் அந்தத் தவறைத் திருத்த முடிந்தது. ஏன்? எந்தக் கல் எந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்று பொறுக்கியவர்கள் பிரித்து எழுதி வைத்திருந்தார்கள். மூன்று இடத்துக் கல்லையும் ஒரே பெட்டியில் கொட்டி அனுப்பியிருந்தால் யாராலும் எதையும் திருத்தியிருக்க முடியாது.

இன்னொரு கதை நமக்கு இன்னும் கிட்டியது. திருவாங்கூரில் பிரித்தானிய ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லனுக்கும் இந்த ஆசை இருந்தது. கொல்லம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து அவர் மூலம் கிடைத்த சிறு வட்டுப் போன்ற ஓர் உயிர்ச்சுவட்டை, பம்பாயில் மருத்துவராக இருந்த கார்ட்டர் 1853இல் விவரித்து, மலபாரின் பெயரை அதற்கு வைத்தார். ஒற்றைக் கலத்தால் ஆன கடலுயிரின் ஓடு அது. ஒருவர் அரசியல் அதிகாரி, மற்றவர் வைத்தியர். அந்தச் சிறு வட்டு யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது. இலங்கையில் மயோசீன் படிவுகளை வேலாண்ட் என்ற புவியியலாளரும் மோர்லி டேவிஸும் 1923இல் விரிவாக எழுதியபோது, இப்படிப்பட்ட சுவடுகளே வயதைச் சொல்லும் சாட்சிகளாயின. கொல்லத்துக் காயலோரக் கல்லும் எங்கள் வீட்டுக் கிணற்றுக் கல்லும் ஒரே காலத்துக் கடலின் பிள்ளைகள் என்று அறிய, 'இது கொல்லத்தில் கிடைத்தது' என்ற ஒரு குறிப்பு வேண்டியிருந்தது.

இனி மறுபக்கம். யாழ்ப்பாணக் கடனீரேரியின் சேற்றுக்குள் பழஞ்சங்குகள் புதைந்து கிடக்கின்றன. உயிருள்ள சங்கு அல்ல. முன்னொரு காலத்தில் அங்கே வாழ்ந்து இறந்து மண்மூடிப் போனவை. முழுக்கக் கல்லாகாத இளம் சுவடுகள் என்று சொல்லலாம். அவற்றைத் தோண்டி எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. மதராஸ் மீன்பிடித் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் சங்கைப் பற்றி எழுதிய நூலில் இதையும் பதிந்திருக்கிறார். சங்குகள் வங்காளத்துக்குப் போய் அங்கே வளையல்களாக அறுபட்டன. சங்கு வியாபாரத்தில் கீழக்கரை மரைக்காயர்களுக்கு இருந்த இடம் நம் சமூக வரலாறு அறிந்ததுதான்.

அந்தத் தொழிலைக் குறை சொல்ல நான் வரவில்லை. பல குடும்பங்கள் அதனால் பிழைத்தன. ஆனால் சங்கை எண்ணினார்கள், அளந்து தரம் பிரித்தார்கள், விலை எழுதினார்கள். எந்தக் கழியில், எத்தனை அடி ஆழத்தில், எந்த நிறச் சேற்றுக்குள் கிடந்தது என்று எழுத யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. எழுதியிருந்தால் கடனீரேரியின் ஆழமும் கரையும் எப்படி மாறி வந்தன என்ற வரலாறு அந்தக் கணக்குப் புத்தகங்களிலேயே கிடைத்திருக்கும். கேயும் கன்லிஃபும் அனுப்பிய கல் நூற்றெண்பது ஆண்டு கழித்தும் பேசுகிறது. எங்கட சங்கு வளையலாகி உடைந்துபோயிற்று.

இதை எழுதும்போது எனக்கு வேறொரு நினைவு வருகிறது. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, சில மணி நேரத்துக்குள் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் போய் இறங்கினோம். அங்கே கிணற்றடியில் நின்று வாப்பா ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கட ஊர்க் கல்லு மாதிரியே இருக்கு" என்றார். துக்கத்தில் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிற்காலத்தில் படித்தபோது அவர் சொன்னது சரிதான் என்று விளங்கியது. யாழ்ப்பாணத்து மயோசீன் சுண்ணாம்புக்கல் வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை நீள்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துக்கு அந்தக் கல்லை ஒரு முனையில் வெட்டினார்கள். புத்தளம் சீமெந்துக்கு அருவக்காட்டில் மறுமுனையில் வெட்டினார்கள்.

அந்த அருவக்காடு உயிர்ச்சுவடு தேடுபவர்களுக்குப் பெயர்போன இடம். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, அங்குள்ள படிவிலிருந்து கிடைத்த மயோசீன் கால முதுகெலும்பு விலங்குகளின் எச்சங்களை 1969இல் விவரித்தார். இன்று பலர் அந்தப் பெயரைக் குப்பையோடு சேர்த்துத்தான் அறிவார்கள். 2017இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன பின், கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்கு அனுப்பும் திட்டம் வேகம் பெற்றது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அவர்கள் பேசியது காற்றுக்காகவும் தண்ணீருக்காகவும் பிள்ளைகளுக்காகவும். அந்த நிலத்துக்குள் 2 கோடி ஆண்டுக் கடல் ஒன்றும் கிடக்கிறது என்பதை நம் பள்ளிக்கூடங்கள் சொல்லிக் கொடுத்திருந்தால், அவர்கள் கையில் இன்னுமொரு நியாயம் இருந்திருக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? யாழ்ப்பாணத்தில் காரை மாதிரி ஓடைகள் இல்லை. நமக்கு ஓடை என்பது கிணறு வெட்டிய குவியலும், கைவிட்ட கற்குழியும், வற்றுக் காலத்துக் கழியோரமும்தான். காணிக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். பாறையை உடைக்கத் தேவையில்லை, உதிர்ந்து கிடப்பதே போதும். கையில் எடுப்பதற்கு முன் கிடந்தபடியே ஒரு படம். பிறகு ஒரு துண்டுக் கடுதாசியில் ஊர், காணி, ஆழம், திகதி, எடுத்தவர் பெயர். கல்லிலும் ஓர் இலக்கம் எழுதி, அதே இலக்கத்தைக் கடுதாசியிலும் எழுத வேண்டும். இனம் என்னவென்று தெரியாவிட்டால் பரவாயில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறை போன்ற இடங்களில் அதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். இனத்தை நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் கண்டுபிடிக்கலாம். இடத்தை எடுத்தவர் எழுதாவிட்டால் வேறு யாராலும் கண்டுபிடிக்க இயலாது.

இதைக் கல்லுக்கு மட்டும் சொல்லவில்லை. இடம்பெயர்ந்தபோது காணி உறுதியும் பள்ளிவாசல் கணக்கும் மீசான் கல்லில் இருந்த பெயர்களும் பலவாறு தொலைந்துபோன சமூகம் நாம். எங்கே இருந்தோம் என்று எழுதி வைக்காததன் விலை நமக்குத் தெரியும். கிப்லாவைச் சரியாக அறிய இடத்தைச் சரியாக அறிய வேண்டும் என்று அல்பீரூனி தொடங்கிய புத்தகத்துக்குள் கிணற்றுச் சிப்பியும் வந்து சேர்ந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அந்த மாணவன் மறுபடி குவியலுக்குப் போனான். ஆழம் இனித் தெரியாது. ஆனால் கிணறு வெட்டியவரைத் தேடிப் பிடித்து, கல் மாறிய இடம் எது, தண்ணீர் ஊறிய இடம் எது என்று கேட்டு வந்தான். அடுத்த கிணற்றுக்குத் தன்னையும் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கொப்பியில் கோடு போட்டு, முழக்கணக்கு எழுத இடமும் விட்டு வைத்திருக்கிறான்.