கத்தரிக்காய்க்குக் கிடைத்த தவணை

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே தீரவேண்டும் என்பது நம்மவர் பழமொழி. முற்றியும் கடைத்தெருவுக்கு வராது நின்றுவிட்ட கத்தரிக்காய் ஒன்று உண்டு. மரபணு மாற்றிய உணவு உண்ணத் தக்கதா, அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்னும் இரு வினாக்களையும் பாரத நாடு பொது மன்றத்தில் வைத்து ஆராய்ந்தது அக்காயின் பொருட்டேயாகும்.

கத்தரி பயிரிடும் உழவருக்குப் பெரும் பகை, தண்டையும் காயையும் துளைக்கும் புழு. அது காய்க்குள் புகுந்துவிட்டால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டாது. ஆகவே, புழு புகுமுன்னரே தடுத்துவிடக் கருதி உழவர் ஒரு பருவத்திற்குள் பலமுறை நஞ்சைத் தெளிக்கின்றனர். தெளிப்பவரின் மூச்சிலும் அது கலக்கிறது. உண்பவரின் கலத்திலும் அதன் எச்சம் வந்து சேர்கிறது.

இதற்கு மாற்றாக விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டனர். மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர், சிலவகைப் புழுக்களைக் கொல்லும் புரதம் ஒன்றை உண்டாக்கவல்லது. அதற்குரிய மரபணுவைக் கத்தரிச் செடியில் புகுத்தினால், செடியே அப்புரதத்தை ஆக்கிக்கொள்ளும். மஹிகோ என்னும் விதை நிறுவனம் இதனைச் செய்தது. கோயம்புத்தூர், தார்வாடு வேளாண் பல்கலைக்கழகங்கள் தத்தம் வட்டாரத்துக் கத்தரி வகைகளில் அம்மரபணுவைச் சேர்க்கும் பணியில் ஈடுபட்டன.

இத்தகைய பயிர்களை ஆராய்ந்து அனுமதிப்பதற்கென 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகளின்படி 2002இல் மரபணு மாற்றிய பருத்தி அனுமதி பெற்றது. பருத்திக்கொட்டை எண்ணெய் சமையலுக்குப் பயன்படினும், பருத்தியை உடைப் பயிராகவே மக்கள் கருதினர். கத்தரியோ நேரே அடுப்பங்கரைக்கு வருவது. 2009 அக்டோபர் 14ஆம் நாள், மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அக்கத்தரிக்கு இசைவளித்தபோது நாடெங்கும் எழுந்த கிளர்ச்சிக்கு இதுவே காரணம்.

அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ், குழுவின் இசைவை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் மக்கள் கருத்தைக் கேட்கப் புறப்பட்டார். 2010 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் கூட்டங்கள் நடைபெற்றன. நம்மவர் பலர் குடியேறி வாழும் ஊர்கள் இவற்றுள் சில. உழவர், விஞ்ஞானிகள், மருத்துவர், நுகர்வோர் என ஏறத்தாழ 8,000 பேர் பங்குகொண்டனர். வங்காளத்தில் பேகுன் என்றும், தெலுங்கில் வங்காய என்றும், கன்னடத்தில் பதனேகாயி என்றும் வழங்கும் ஒரே காய்க்காக இத்தனை மொழிகளில் வழக்காடினர்.

ஆதரித்தோர் கூறியது வலுவற்றதன்று. அப்புரதம் புழுவின் காரத்தன்மை வாய்ந்த குடலில்தான் செயற்படும். மனித வயிற்றில் அது செரித்துப்போகும். நஞ்சு தெளிக்கும் தேவையும் குறையும் என்றனர். எதிர்த்தோர் கூறியதும் புறக்கணிக்கத்தக்கதன்று. சோதனைகளுட் பெரும்பாலானவை விதையை விற்கவிருந்த நிறுவனம் நடத்தியவை அல்லது நடத்துவித்தவை; எலிகளுக்கு 90 நாள் ஊட்டிப் பார்த்ததைக் கொண்டு வாழ்நாள் முழுதும் உண்பவர் நலத்தை அறுதியிட இயலாது; கத்தரியின் தாயகங்களுள் ஒன்றான இந்நாட்டில் உடுப்பிப் பக்கத்து மட்டு குள்ளா போன்ற எண்ணற்ற வகைகளுக்கு என்ன நேரும் என்று வினவினர்.

2010 பிப்ரவரி 9ஆம் நாள் அமைச்சர் முடிவை அறிவித்தார். மக்களும் வல்லுநரும் நிறைவடையும் வண்ணம் சார்பற்ற ஆய்வுகள் இதன் நெடுங்காலப் பாதுகாப்பை நிலைநாட்டும்வரை அக்கத்தரியை வெளியிடலாகாது என்பது அது. பலரும் இதனைத் ‘தடை’ என்றே வழங்குகின்றனர். ஆனால் அறிவிப்பில் கண்ட ஆங்கிலச் சொல் ‘மொராடோரியம்’. கடனாளிக்குத் தரும் தவணைக்கும் அச்சொல்லே வழங்கும். தவணை கிடைத்தமையால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. அவ்வாண்டிலேயே ஒப்புதல் குழுவின் பெயர் ‘மதிப்பீட்டுக் குழு’ என்று மாற்றப்பட்டது. மதிப்பிடுவது வேறு, ஒப்புவது வேறு என்பதை அப்பெயர் மாற்றம் ஒப்புக்கொண்டது.

தவணைக் காலம் வீணே கழியவில்லையா என்று கேட்பது நியாயமே. அதே மரபணுவைக் கொண்ட கத்தரியை வங்காளதேசம் 2013இல் ஏற்றது. 2014இல் அங்கு 20 உழவருக்கு நாற்று வழங்கப்பட்டது. பூச்சிமருந்துச் செலவு அங்கே குறைந்ததைப் பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன. இங்கோ அடுத்து வந்த கடுகும் இதே வழக்கில் சிக்கிற்று. 2022இல் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்து, அரசாங்கம் அளித்த இசைவைப் பற்றி, 2024 ஜூலை 23ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். எனினும் நாட்டிற்கு ஒரு தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

உணவு தீங்கற்றதா என்பதற்கு ஆய்வுக்கூடம் விடை கூறலாம். நம் கலத்தில் எதை இடுவது என்பதை நம்மைக் கேளாமல் முடிவு செய்யலாமா என்பதற்கு ஆய்வுக்கூடம் விடை கூறாது. முதல் வினாவுக்கு விற்பவரைச் சாராத ஆய்வு வேண்டும். இரண்டாவதற்கு ஏழு நகரங்களிற் கண்டது போன்ற திறந்த மன்றம் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க இயலாது. காலந்தாழ்த்துவதற்கும் விலை உண்டு. அவ்விலையை இன்று வயலில் நஞ்சு தெளிக்கும் உழவரே செலுத்தி வருகின்றார். அவரையும், அக்காயை உண்ணும் குழந்தையையும் ஒருசேர நினைத்தால், 2010இல் வாங்கிய தவணைக்கு நாம் இன்னும் கணக்குச் சொல்லவில்லை என்பது விளங்கும்.