ஃபோர்க் ஆயிலும் திருமலைச் சாலையும்: பராமரிப்பின் வரலாறு குறித்து ஒரு குறிப்பு

மோட்டார் சைக்கிளின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் தொழிற்சாலையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா, 1961இல் மைசூரில் ஜாவா, 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 என ஆண்டுகளை வரிசைப்படுத்திவிட்டால் வரலாறு நிறைவுற்றதாகக் கருதுகிறோம். தொழிற்சாலை வாயிலைக் கடந்த வண்டி அடுத்த இருபது, முப்பது ஆண்டுகள் எவ்வாறு ஓடியது, அதை ஓடவைத்தவர் யார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. கண்டுபிடிப்பை மட்டுமே நோக்காமல் பயன்பாட்டையும் பராமரிப்பையும் நோக்கித் தொழில்நுட்ப வரலாறு எழுதப்பட வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவ்வழியில் மிகச் சிறிய கேள்வியொன்றைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம்: முன் ஃபோர்க்கின் ஆயிலை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

இக்கேள்விக்கே ஒரு பிறந்த தேதி உண்டு. தொடக்ககால வண்டிகளில் பெரிதும் வழங்கிய கர்டர் ஃபோர்க்கில் சுருள்வில்லும் இணைப்புகளும் வெளியே தெரியும். அவற்றுக்குக் கிரீஸ் இட்டால் போதும். 1935இல் பிஎம்டபிள்யூ தனது ஆர்12 வண்டியில் எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் தொலைநோக்கி வகை ஃபோர்க்கை அறிமுகப்படுத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வகையே உலகெங்கும் பரவியது. குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய் சிறு துளைகளின் வழியே தள்ளப்படும்போது சுருள்வில்லின் துள்ளல் அடங்குகிறது. பயணம் மென்மையாயிற்று, ஆனால் பராமரிக்க வேண்டிய பொருள் கண்ணுக்கு மறைந்தது. கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும்; எண்ணெய் கெட்டால் ஓசை எழுவதில்லை.

இந்தியாவுக்கு இத்தொழில்நுட்பம் பரவலாக வந்துசேர்ந்த வழிகளுள் முதன்மையானது புல்லட். 1949இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் புதிய வடிவில் அறிமுகமான புல்லட்டை இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்தது. அதைத் தொடர்ந்தே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு ஏற்பட்டது. அக்காலப் பிரிட்டிஷ் பாணி ஃபோர்க்குகளின் அடிப்பகுதியில் டிரெயின் போல்ட் இருந்தது. அதைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்து, மேல்மூடி வழியே புதியதை ஊற்றிவிடலாம். உரிமையாளரே தம் வீட்டு வாசலில் செய்துகொள்ளக்கூடிய பணி அது. பிற்காலத்தில் சந்தையை நிறைத்த நூறு சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் போல்ட் இல்லை. சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கை உருவி, தலைகீழாகக் கவிழ்த்தே எண்ணெயை வெளியேற்ற வேண்டும். ஒரு குழாய்க்குத் தேவைப்படும் எண்ணெய் பெரும்பாலும் கால் லிட்டருக்கும் குறைவு. செலவு முழுவதும் உழைப்பிலேயே இருக்கிறது. விளைவாக, காலமுறைப் பணியாக இருந்தது பழுதுநீக்கப் பணியாக மாறியது. ஆயில் சீல் கசிந்தால் மட்டுமே எண்ணெய் மாற்றுவது என்னும் வழக்கத்தை மெக்கானிக்கின் அசட்டையாகக் கொள்வது தவறு. வடிவமைப்பே அதை உருவாக்கியது.

சித்தூரின் இருப்பிடம் இங்குக் கவனத்துக்குரியது. 1911இல் உருவான இம்மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை சென்னை ஆட்சியின் கீழ் இருந்தது. சென்னையிலிருந்து இராணிப்பேட்டை, சித்தூர், பலமனேர் வழியாகப் பெங்களூர் செல்லும் பழைய நெடுஞ்சாலை இந்நகரின் ஊடே சென்றது. கிழக்கே திருவொற்றியூரில் புல்லட்டும் மேற்கே மைசூரில் ஜாவாவும் உற்பத்தியான காலத்தில், இரண்டுக்கும் இடைப்பட்ட நகரம் இது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வூர்ப் பட்டறைகளில் 'ஆயில் சீல்', 'ஃபோர்க் பைப்' என்னும் சொற்கள் இருமொழிக்கும் பொதுவுடைமை. 2018இல் இதே மாவட்டத்தின் சத்தியவேடு பகுதியில் ஹீரோ நிறுவனத்தின் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அப்பகுதி 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. உற்பத்தி இவ்வட்டாரத்துக்கு அண்மையில் வந்தது. பராமரிப்போ அதற்குப் பல்லாண்டுகள் முன்பே இங்கு வேரூன்றியிருந்தது.

இனித் திருமலைக்கு வருவோம். முதல் மலைச்சாலை 1944இல் திறக்கப்பட்டது; இரண்டாவது 1974இல். இன்று ஏறுவதற்குப் புதிய சாலையும் இறங்குவதற்குப் பழைய சாலையும் பயன்படுகின்றன. அதாவது, கொண்டை ஊசி வளைவுகள் மலிந்த 1944ஆம் ஆண்டுச் சாலையில்தான் வண்டிகள் கீழிறங்குகின்றன. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் எனக் குறைந்தபட்ச நேரத்தைத் தேவஸ்தானம் வகுத்திருப்பது எங்கே ஆபத்து மிகுதி என்பதைத் தெளிவாகவே உணர்த்துகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்குந்தோறும் வண்டியின் எடை முன்சக்கரத்தின்மீது சாய்கிறது, ஃபோர்க் அமிழ்கிறது. எண்ணெய் தன் பாகுத்தன்மையை இழந்திருந்தால், அமிழ்வதும் மீள்வதும் கட்டுப்பாடின்றி நிகழும். வளைவில் டயரின் பிடி தளரும். கசிந்த எண்ணெய் பிரேக் டிஸ்க்கைத் தொட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பின்னிருக்கையில் மனைவியும் முன்னே குழந்தையுமாக இறங்கும் ஒருவரின் உயிர் இந்தக் கால் லிட்டருக்கும் குறைவான எண்ணெயையும் நம்பியே இருக்கிறது.

ஆயின் கால அளவுதான் என்ன? பொதுவாகக் கூறப்படும் வரையறை இரண்டு ஆண்டு, அல்லது 15,000 முதல் 20,000 கிலோமீட்டர். உராய்வில் தேயும் உலோகத் துகள்களும் உட்புகும் ஈரமும் எண்ணெயைக் கெடுப்பதால், ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் ஆண்டுக் கணக்கு பொருந்தும். ஆனால் இவ்வெண் இயற்கை விதியன்று. ஒரு குறிப்பிட்ட சாலை, சுமை, தூசி ஆகியவற்றை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட ஊகம். கையேட்டை எழுதியவரின் கற்பனையில் இருந்த சாலை சமவெளிச் சாலை. நாள்தோறும் மலையேறி இறங்கும் வண்டிக்கும், கிரானைட் குவாரித் தூசியில் ஓடும் வண்டிக்கும் அவ்வரையறையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. பிரேக் பிடித்தால் முன்பக்கம் சட்டென்று குத்துதல், பள்ளத்தில் 'டொக்' என்னும் ஒலி, குழாயின்மீது எண்ணெய் வளையம் ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருத்தல் ஆகாது.

கையேட்டின் எண்ணுக்கும் சாலையின் உண்மைக்கும் இடையிலுள்ள தொலைவைத் தம் கைப்பழக்கத்தால் நிரப்பியவர்கள் பட்டறைத் தொழிலாளர்கள். எந்த வண்டி மலையில் ஓடுகிறது, எதற்குச் சற்றுக் கெட்டியான எண்ணெய் ஊற்ற வேண்டும் என்னும் அறிவு அவர்களிடம் உண்டு. அது எழுதப்பட்டதில்லை, எழுதப்பட்டிருந்தாலும் பில் புத்தகங்களிலும் கரிபடிந்த குறிப்பேடுகளிலும் கிடக்கிறது. பட்டறை மூடப்படும் நாளில் அவை பழைய தாள் கடைக்குச் சென்றுவிடும். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் எப்படியும் எஞ்சும், இவை எஞ்சா. தொழில்நுட்ப வரலாற்றிலோ வட்டார வரலாற்றிலோ ஆய்வு செய்ய விழையும் மாணவர்கள் ஆவணக் காப்பகத்துக்குச் செல்வதற்கு முன் தம் ஊரின் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் சென்று, உரிய அனுமதியுடன் அக்குறிப்பேடுகளைப் படியெடுக்க வேண்டும். இந்தியச் சாலைகளின் வரலாற்றுக்கு அவை முதன்மைச் சான்றுகள்.